தொட்டது என்ன நிறம்?

பூனையை நடக்கவைத்து, பேசவைத்து முடித்த பிள்ளைகள் ஸ்கிராட்ச் நிரல்மொழியில் அடுத்துத் தேடுவது பெரும்பாலும் நிறத்தைத்தான். "பூனை நிற்கிற இடத்துல என்ன நிறம் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்பார்கள். நேரடியாகப் பதில் சொல்லிவிடலாம். ‘இங்கே என்ன நிறம்?’ என்று ஸ்கிராட்ச்சிடம் கேட்க வழியில்லை. ‘இங்கே இந்த நிறம் இருக்கிறதா?’ என்று மட்டுமே கேட்கலாம். ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்று பதிலாக வரும்.

இது மனதில் பதிந்துவிட்டால் மற்றவை தானாக விளங்கும். நிறத்தைக் கண்டறியும் நிரல் ஒழுங்காக ஓடுமா, தடுமாறுமா என்பது பிளாக்குகளை அடுக்குவதற்கு முன்பே, படத்துக்கு வண்ணம் தீட்டும்போதே பெருமளவு முடிவாகிவிடுகிறது. ஆம்–இல்லை கேள்விக்குத் தெளிவான பதில் தரும் படத்தை வரைந்துவிட்டால் நிரல் நான்கு வரியில் முடியும். கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று எங்கிருந்தோ எடுத்த புகைப்படத்தைப் பின்னணியாகப் போட்டால், எவ்வளவு திறமையாக எழுதினாலும் பிடி கிடைக்காது.

இங்கே சொல்பவை 2019 ஜனவரியில் வந்த ஸ்கிராட்ச் 3-க்குப் பொருந்தும்.

இரண்டே பிளாக்குகள்

இளநீல நிறத்தில் இருக்கும் சென்சிங் பகுதியைத் திறந்தால் நிறத்துக்கென்று இரண்டு பிளாக்குகள் தெரியும். ‘டச்சிங் கலர்’ என்பது முதலாவது. இந்த ஸ்ப்ரைட்டின் ஏதாவது ஒரு பகுதி, குறிப்பிட்ட நிறத்தின் மேல் பட்டிருக்கிறதா என்று அது பார்க்கும். இரண்டாவது, ‘கலர் இஸ் டச்சிங்’. அதில் இரண்டு நிறக் கட்டங்கள் இருக்கும். ஸ்ப்ரைட்டிலேயே உள்ள ஒரு நிறம், வெளியே உள்ள இன்னொரு நிறத்தின் மேல் பட்டிருக்கிறதா என்று கேட்கும். முதல் பிளாக்கையே எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். இரண்டாவதை ஏனோ தொடுவதில்லை. ஆனால் நுட்பமான வேலைகளுக்கு அதுதான் கைகொடுக்கும். பின்னால் அதற்கு வருகிறேன். ஸ்டேஜைத் தேர்ந்தெடுத்திருக்கும்போது இந்த இரண்டுமே பட்டியலில் தெரியாது. காணோமே என்று திகைக்க வேண்டாம், ஏதாவது ஒரு ஸ்ப்ரைட்டைச் சொடுக்குங்கள்.

நிறக் கட்டத்தைச் சொடுக்கினால் கலர், சாச்சுரேஷன், பிரைட்னஸ் என்று மூன்று ஸ்லைடர்கள் விரியும். அவற்றை இழுத்துப் பார்த்துக் கண்ணால் பொருத்தும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். ஸ்லைடர்களுக்குக் கீழே ஒரு சொட்டுக்குழாய்ப் படம் இருக்கும். அதைச் சொடுக்கினால் ஸ்டேஜைத் தவிர மற்றவை மங்கி, ஸ்டேஜின் மேல் ஒரு பூதக்கண்ணாடி வட்டம் நகரும். வேண்டிய நிறத்தின் நட்டநடுவில் வைத்துச் சொடுக்குங்கள். ஓரத்தில் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. கறுப்புச் சுவரும் வெள்ளைத் தரையும் சந்திக்கும் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால், இரண்டுக்கும் இடையே மெல்லிய சாம்பல் நிறப் புள்ளிகள் வரிசையாக நிற்கும். விளிம்பு கரடுமுரடாகத் தெரியாமலிருக்க ஸ்கிராட்ச்சே இரு நிறங்களையும் கலந்து வைத்திருக்கிறது. ஓரத்தில் சொடுக்கினால் உங்களுக்குக் கிடைப்பது அந்தச் சாம்பல்தான், கறுப்பு அல்ல.

பிளாக் எதையெல்லாம் பார்க்கிறது

‘டச்சிங் கலர்’ ஓடும்போது ஸ்ப்ரைட்டின் ஒவ்வொரு புள்ளியும் கணக்கில் வரும். காஸ்ட்யூமில் ஒளி ஊடுருவும் வெற்றிடங்களைத் தவிர மற்ற எல்லா இடத்திலும், ஸ்ப்ரைட்டை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன நிறம் தெரியுமோ அதோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரே ஒரு புள்ளி ஒத்துப்போனாலும் பதில் ஆம். இதனால் வரும் விளைவுகளைத் தெரிந்துகொண்டால் பல மணி நேரம் மிச்சமாகும்.

பூனையின் வால் நுனி சுவரில் பட்டாலும் மோதல் மோதல்தான். குறுகலான புதிர்ப்பாதையில் பூனை திரும்பும்போதெல்லாம் வாலோ காதோ சுவரில் உரசி மாட்டிக்கொள்வது இதனால்தான். சாலையின் மேல் ஒரு மரம் தனி ஸ்ப்ரைட்டாக நின்றால், அந்த இடத்தில் பிளாக்குக்குத் தெரிவது மரத்தின் பச்சை. சாலையின் கறுப்பு அல்ல. ஒரு ஸ்ப்ரைட்டுக்குக் கலர் எஃபெக்ட்டோ பிரைட்னஸ் எஃபெக்ட்டோ கொடுத்தால், அதன் மாறிய நிறம்தான் மற்றவற்றுக்குத் தெரியும். பின்னணியில் எதுவுமே வரையாமல் விட்ட இடம் வெள்ளை. எனவே வெள்ளையை ஒருபோதும் அடையாள நிறமாக வைக்காதீர்கள். எதிர்பாராத இடத்திலெல்லாம் ஆம் என்று வந்துகொண்டே இருக்கும்.

வால் உரசும் சிக்கலுக்குப் பலரும் முதலில் யோசிக்கும் தீர்வு, பூனைக்கு அடியில் சிறியதாக இன்னொரு ஸ்ப்ரைட்டை வைத்து அதைக் கேட்கச் சொல்வது. நிறத்துக்கு இது உதவாது. அந்தச் சிறிய ஸ்ப்ரைட்டைப் பூனை மூடியிருக்கும். அதற்குத் தெரிவது பூனையின் ஆரஞ்சு நிறம் மட்டுமே. பூனைக்கே இரண்டு காஸ்ட்யூம்கள் கொடுப்பதுதான் சரியான வழி. ஒன்று வழக்கமான படம், மற்றொன்று அதன் நடு உடம்பளவுக்கு ஒரு சிறிய பெட்டி. மை பிளாக்ஸில் புதிதாக ஒரு பிளாக் உருவாக்கி, ‘ரன் வித்தவுட் ஸ்க்ரீன் ரெஃப்ரெஷ்’ என்ற குறியை இட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் பெட்டிக் காஸ்ட்யூமுக்கு மாறி, சுவரைத் தொடுகிறதா என்று கேட்டு, பதிலை ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு, மறுபடி பூனைக் காஸ்ட்யூமுக்குத் திரும்புங்கள். திரை புதுப்பிக்கப்படும் முன்பே எல்லாம் முடிந்துவிடுவதால் பெட்டி யார் கண்ணிலும் படாது. இரண்டு காஸ்ட்யூம்களுக்கும் மையப்புள்ளி ஒரே இடத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவரைத் தாண்டிக் குதித்துவிடுகிறது என்ற புகாருக்குக் காரணம் வேறு. ஒரே தாவலில் 15 அடிகள் நகரும் மிகச் சிறிய கார், 5 புள்ளி தடிமனுள்ள சுவரின் இந்தப் பக்கம் ஒரு கணமும் அந்தப் பக்கம் அடுத்த கணமும் இருக்கும். நடுவில் அது சுவரின் மேல் இருந்ததே இல்லை, ஆகவே பிளாக் பொய் சொல்லவில்லை. இதே ரெஃப்ரெஷ் இல்லாத பிளாக்குக்குள் ஓரடி நகர்ந்து கேள், ஓரடி நகர்ந்து கேள் என்று 15 முறை செய்தால் வேகமும் குறையாது, சுவரும் தப்பாது.

நிறம் என்னும் எண்

நிறக் கட்டத்தில் நிறத்தைத் தேர்வு செய்வதோடு நின்றுவிட வேண்டியதில்லை. அந்தக் கட்டத்தின் மேல் ஒரு வேரியபிளையும் கொண்டுபோய்ப் பொருத்தலாம். இது தெரியாததால்தான் பலர் முப்பது ‘இஃப்’ பிளாக்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். வேரியபிளில் இருக்க வேண்டியது ஓர் எண்.

கணினித் திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் கலவை. ஒவ்வொன்றின் அளவும் 0 முதல் 255 வரை. சிவப்பை 65536ஆல் பெருக்கி, பச்சையை 256ஆல் பெருக்கி, இரண்டோடும் நீலத்தைக் கூட்டினால் வருவதே அந்த நிறத்தின் எண். சிவப்பு 255, பச்சை 153, நீலம் 0 என்று இருக்கும் ஆரஞ்சை எடுத்துக்கொள்வோம். 255 × 65536 = 16711680. 153 × 256 = 39168. கூட்டினால் 16750848. இந்த எண்ணை வேரியபிளில் இட்டு, அதை ‘டச்சிங் கலர்’ கட்டத்தில் பொருத்தினால் ஆரஞ்சைத் தேடும். எதிர்த்திசையிலும் போகலாம். எண்ணை 65536ஆல் வகுத்து ‘ஃப்ளோர்’ போட்டால் சிவப்பு. எண்ணை 256ஆல் ‘மோட்’ செய்தால் நீலம். பச்சைக்கு, முதலில் 256ஆல் வகுத்து ‘ஃப்ளோர்’ போட்டு, வந்ததை மறுபடி 256ஆல் ‘மோட்’ செய்ய வேண்டும். வலைப்பக்க வடிவமைப்பில் பழகியவர்கள் ஹேஷ் குறியோடு தொடங்கும் ஆறெழுத்து நிறக்குறியையும் அப்படியே வேரியபிளில் இடலாம், ஸ்கிராட்ச் ஏற்றுக்கொள்ளும்.

வேரியபிளில் ‘சிவப்பு’ என்று எழுத்தில் எழுதிவிட்டால் என்ன ஆகும்? பிழைச்செய்தி எதுவும் வராது. எழுத்தை எண்ணாக மாற்ற முடியாததால் ஸ்கிராட்ச் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பூஜ்யம் என்பது கறுப்பு. உங்கள் நிரல் சத்தமில்லாமல் கறுப்பைத் தேடிக்கொண்டிருக்கும்.

பென் எக்ஸ்டென்ஷனில் உள்ள ‘செட் பென் கலர்’ கட்டமும் இதே எண்ணை ஏற்கும். ஆனால் ‘சேஞ்ச் பென் கலர் பை’ என்பது வேறு அளவுகோல், அங்கே முழு வண்ணச் சுற்றும் 100க்குள் அடங்கும். ஸ்ப்ரைட்டின் கலர் எஃபெக்டுக்கோ ஒரு சுற்று என்பது 200. பழைய ஸ்கிராட்ச் 2 புத்தகங்களில் பென் நிறத்துக்கும் 200 என்றிருக்கும். அந்தப் பாடங்களை அப்படியே தட்டினால் நிறம் மாறி வரும். மூன்று அளவுகோல்களையும் ஒன்றோடொன்று குழப்பாதீர்கள்.

எவ்வளவு துல்லியம்?

புத்தகங்கள் விட்டுவிடும் இடம் இது. ‘டச்சிங் கலர்’ நிறங்களை அச்சு அசலாக ஒப்பிடுவதில்லை. சிவப்பையும் பச்சையையும் எட்டெட்டு அளவுகளாகவும், நீலத்தைப் பதினாறு பதினாறாகவும் கட்டுக்கட்டாகப் பிரித்துக்கொண்டு, இரு நிறங்களும் ஒரே கட்டுக்குள் விழுகின்றனவா என்றுதான் பார்க்கிறது. பச்சை 160 முதல் 167 வரை அதற்கு ஒன்றே. 167க்கும் 168க்கும் இடையில் ஒரே ஓர் அளவுதான் வித்தியாசம், ஆனால் அவை வெவ்வேறு கட்டுகள், எனவே வெவ்வேறு நிறங்கள். நீலத்தில் 160 முதல் 175 வரை ஒரே கட்டு. இப்படிப் பார்த்தால் 32 × 32 × 16, அதாவது 16384 நிறங்களைத்தான் இந்த பிளாக் தனித்தனியாக அடையாளம் காணும்.

ஒரு புள்ளியின் நிறத்தை எண்ணாகவே கண்டுபிடித்தாக வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மூன்று லூப்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, 16384 நிறங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கலாம். பதில் வந்தாலும் அது கட்டின் பதில், துல்லியமான எண் அல்ல. சுற்றை விரைவாக்கவும் முடியாது. மனதில் நினைத்த எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டில் ‘அதைவிடப் பெரிது, சிறிது’ என்று சொன்னால் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போய்ப் பிடித்துவிடலாம். ‘இல்லை’ என்று மட்டும் சொல்பவரிடம் அந்தத் தந்திரம் பலிக்காது. இவ்வளவு பாடுபடுவது தேவையற்றது என்பது என் கருத்து. ஒரு இடத்தின் நிறத்தை எண்ணாகவே சொல்லும் பிளாக் வேண்டுமென்றால், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்னாப் மொழியில் அது இருக்கிறது. அங்கே போய்விடலாம். ஸ்கிராட்ச்சில் இருப்பதென்றால், உங்கள் படத்தில் என்னென்ன நிறங்கள் உள்ளன என்பது உங்களுக்கே தெரியும் என்ற வசதியைப் பயன்படுத்துங்கள்.

நிறத்துக்குப் பெயர் சொல்லும் வரைபடம்

நாடுகளின் வரைபடம் ஒன்று. எந்த நாட்டைச் சொடுக்குகிறோமோ அதன் பெயர் வர வேண்டும். ஒவ்வொரு நாட்டையும் தனித்தனி ஸ்ப்ரைட்டாக வெட்டி எடுப்பது நாள்கணக்கில் இழுக்கும். ஒரே பின்னணியில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறம் கொடுத்துவிட்டால் போதும்.

‘நிறங்கள்’, ‘பெயர்கள்’ என்று இரண்டு லிஸ்ட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நிறத்துக்கு உரிய நாடு இரண்டாவது லிஸ்ட்டிலும் முதலாவதாக இருக்க வேண்டும். மையத்தில் ஒரே ஒரு சிறு புள்ளி மட்டும் உள்ள ஸ்ப்ரைட் ஒன்றை வரைந்து, கோஸ்ட் எஃபெக்டை 100 ஆக்கிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாது, தொடுவதை மட்டும் உணரும். அது எப்போதும் மவுஸ் பாயின்ட்டரைப் பின்தொடரட்டும். சொடுக்கியதும் ‘வரிசை’ என்ற வேரியபிளை 1 ஆக்கி, லிஸ்ட்டின் அந்த இடத்து நிறத்தைத் தொடும்வரை அல்லது லிஸ்ட் தீரும்வரை ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். லிஸ்ட் தீர்ந்துபோனால் ‘கடல்’ என்று சொல்லலாம். தீராவிட்டால் அதே வரிசையில் உள்ள பெயரைச் சொல்லலாம். இந்தத் தேடலும் ரெஃப்ரெஷ் இல்லாத பிளாக்குக்குள் இருந்தால் பதில் உடனே வரும்.

நாடுகளெல்லாம் ஒரே பச்சையாகத் தெரிய வேண்டும், ஆனால் நிரலுக்கு மட்டும் வேறுபாடு தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டால் அதற்கும் வழி உண்டு. கட்டுக்கணக்கு இங்கே நமக்குச் சாதகம். பெயின்ட் எடிட்டரில் பிரைட்னஸ் ஒரு படி ஏறினால், அந்த நிறத்தில் மேலோங்கியிருக்கும் ஒளி ஏறக்குறைய 2.55 அளவு கூடுகிறது. ஐந்து படி நகர்த்தினால் கட்டு நிச்சயம் மாறிவிடும். நீலம் மேலோங்கிய நிறமென்றால் எட்டுப் படி வேண்டும். அந்த வித்தியாசத்தைச் சொல்லாவிட்டால் பார்ப்பவர் எளிதில் கவனிக்க மாட்டார்.

இப்படி நெருக்கமான நிறங்களை வைக்கும்போது எல்லைக்கோட்டில் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. வெளிர்பச்சையும் கரும்பச்சையும் சேரும் ஓரத்தில் கலந்து பிறக்கும் இடைப்பட்ட பச்சை, மூன்றாவது நாட்டின் நிறமாக இருந்துவிடலாம். எல்லையில் சொடுக்கினால் எங்கோ இருக்கும் நாட்டின் பெயர் வரும். நாடுகளுக்கு நடுவே தடிமனாக அடர்நிறக் கோடு இழுத்துவிடுங்கள், நாட்டு நிறங்கள் ஒன்றையொன்று தொடாது.

லிஸ்ட்டில் இடுவதற்கான எண்ணை ஸ்கிராட்ச்சின் ஸ்லைடர்கள் காட்டாது. இன்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் நிறக்குறியைத் தட்டச்சு செய்து வண்ணமிட்டு, எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்து ஏற்றுவது நல்லது. ஜே.பி.ஜி. கோப்பு வேண்டவே வேண்டாம். கோப்பின் அளவைக் குறைக்க அது நிறங்களைத் தானே சற்றுத் திருத்திக்கொள்ளும். பார்வைக்கு ஒரே சிவப்பாக இருக்கும் கட்டத்தில் நூறு வகைச் சிவப்புகள் சிதறிக் கிடக்கும். நாலைந்து நிறங்கள் மட்டும் என்றால் லிஸ்ட்டே தேவையில்லை, சொட்டுக்குழாயால் எடுத்து நாலைந்து ‘இஃப்’ போட்டு முடித்துவிடுங்கள்.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்கள் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம். ஆடுபவர் நிறத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்ற விளையாட்டானால், நிறத்தோடு ஒரு வடிவத்தையோ எழுத்தையோ சேர்த்து வரையுங்கள். நிரல் நிறத்தைப் பார்க்கட்டும், பிள்ளை வடிவத்தைப் பார்க்கட்டும்.

கோட்டைப் பிடித்து ஓடும் கார்

இப்போது இரண்டாவது பிளாக். மேலிருந்து பார்க்கும் காரை வரைந்து, அதன் மூக்கில் இடப்புறம் இளஞ்சிவப்புப் புள்ளி ஒன்றும் வலப்புறம் மஞ்சள் புள்ளி ஒன்றும் வையுங்கள். இந்த நிறங்கள் காரில் வேறெங்கும் இருக்கக் கூடாது. தரையில் கறுப்புக் கோடு. இரு புள்ளிகளும் கோட்டின் இரு பக்கமும் சற்று வெளியே நிற்குமளவு இடைவெளி வேண்டும்.

‘ஃபாரெவர்’ லூப்புக்குள் கார் இரண்டடி நகரட்டும். இளஞ்சிவப்பு கறுப்பைத் தொட்டால் இடப்பக்கம் 5 டிகிரி திரும்பட்டும். மஞ்சள் கறுப்பைத் தொட்டால் வலப்பக்கம் 5 டிகிரி. அவ்வளவுதான் நிரல். கார் வலப்புறம் விலகினால் கோடு இடப்புறப் புள்ளிக்கு அடியில் வரும், கார் இடப்புறம் திரும்பிச் சரிசெய்துகொள்ளும். கோட்டைத் தொடரும் நிஜ ரோபோக்கள் பலவும் அடியில் இரண்டு ஒளி உணரிகளை வைத்து இதே கணக்கில்தான் ஓடுகின்றன. வளைவுகளில் கார் கோட்டைத் தவறவிட்டால் முதலில் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், பிறகு திரும்பும் கோணத்தைக் கூட்டுங்கள். காரின் அளவை 20 விழுக்காடாகச் சுருக்கியிருந்தால் புள்ளிகள் பக்கத்து நிறத்தோடு கலந்து மறைந்திருக்கும். புள்ளிகளைப் பெரிதாக வரைந்தால் சரியாகும்.

பாம்பு விளையாட்டிலும் இதே பிளாக் உதவும். பாம்பு போகும் வழியெல்லாம் பென் கோடு விழுகிறது, தன் கோட்டையே தொட்டால் ஆட்டம் முடிய வேண்டும். ‘டச்சிங் கலர்’ போட்டால் முதல் அடியிலேயே ஆட்டம் முடிந்துவிடும். தலைக்கு அடியில் எப்போதும் அப்போது வரைந்த கோடு இருக்கிறதே. தலையின் முன்நுனியில் தனி நிறத்தில் ஒரு புள்ளி வைத்து, அந்த நிறம் கோட்டின் நிறத்தைத் தொடுகிறதா என்று ‘கலர் இஸ் டச்சிங்’ மூலம் கேளுங்கள். புள்ளி மையத்திலிருந்து கோட்டின் பாதித் தடிமனைவிடத் தள்ளி இருக்க வேண்டும்.

எதுவும் ஒத்துவராமல் குழப்பமாக இருக்கும்போது முழு நிரலையும் ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். நிரலை நிறுத்தி, சந்தேகப்படும் இடத்தில் ஸ்ப்ரைட்டை இழுத்து வைத்து, ‘டச்சிங் கலர்’ பிளாக்கை மட்டும் தனியே எடுத்துச் சொடுக்குங்கள். பக்கத்திலேயே ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று ஒரு சிறு குமிழி வரும். ஸ்ப்ரைட்டைச் சற்று நகர்த்தி மறுபடி சொடுக்குங்கள். சுவரின் நடுவிலேயே ஃபால்ஸ் என்று வந்தால் தேர்ந்தெடுத்த நிறம் தவறு. சுவரை விட்டு வெகுதூரத்திலும் ட்ரூ என்று வந்தால், ஸ்ப்ரைட்டுக்கு அடியில் அதே கட்டைச் சேர்ந்த வேறொரு நிறம் எங்கோ ஒளிந்திருக்கிறது. பின்னணியைப் பெயின்ட் எடிட்டரில் திறந்து, பெரிதாக்கித் தேடுங்கள்.